மூன்றாவது வால்வு

ஜனவரி 8

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர அம்மாவுக்கு வேறு குறை இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன் என்பதால் சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நம் குழுவின் கச்சேரி நெருங்கிய வாரத்தில் பேஸ் கிதாரை மூலையில் சாத்திவிட்டு, வேலை கிடைத்துவிட்டது என்று ரயிலேறியவன் நீ. அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் என் ஆம்ப்ளிஃபையருக்குள் கைவைத்தவன் நீ ஒருவன்தான். வேறு யாரையும் திறக்க விட எனக்கு மனசில்லை.

அதன் சத்தம் செத்துவிட்டது. கிதாரில் மேல் கம்பிகளை வாசித்தால் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. முன்பு கண்ணாடியில் கீறினாற்போல ஒரு கூர்மை இருக்குமே, அது எங்கே போனதென்று தெரியவில்லை. கம்பி மாற்றினேன். ஒயர் மாற்றினேன். இரவல் கிதார் வாங்கி வந்துகூடப் பார்த்தேன். ஒன்றும் பயனில்லை.

ஜூனில் எங்களுக்கு ரெக்கார்டிங். எல்லாமே நான் போட்ட பாட்டுகள். அதற்குள் இது சரியாக வேண்டும். வால்வு போய்விட்டதா? என்ன செய்வது என்று மட்டும் எழுது. கதை வேண்டாம்.

அக்கா

&nbsp;

ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்கு இரண்டு வேளையும் வெந்நீர் ஒத்தடம் கொடு. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் பட்டறை முதலாளிதான் கொண்டுவந்து கொடுத்தார். "உனக்கும் லெட்டர் போட ஒரு ஆள் இருக்காய்யா!" என்றார். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, வாசலில் போய் நின்றுதான் பிரித்தேன். ஆம்ப் என்று படித்ததும் சிரித்துவிட்டேன்.

நீ சொல்வது வால்வு களைத்துப்போனதற்கான அடையாளம். பின்பக்கம் தகரமூடி போட்ட சின்னக் கண்ணாடிக்குழாய் வால்வுகள் மூன்று இருக்கும். கிதாரின் சத்தம் முதலில் அவற்றில்தான் நுழைகிறது. பக்கத்தில் இருக்கும் பெரிய வால்வு இரண்டையும் தொடாதே. அவை வேறு சமாசாரம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு நன்றாக ஆறவிடு. உள்ளே இருக்கும் எந்த உலோகத்திலும் விரல் படக்கூடாது. பிளக்கைப் பிடுங்கினாலும் அதற்குள் கரண்டு கொஞ்ச நேரம் ஒளிந்துகொண்டிருக்கும். தகரமூடியை லேசாக அழுத்தித் திருகினால் வந்துவிடும். வால்வைத் துணியால் பிடித்து, பால்பல்லை ஆட்டுகிற மாதிரி மெதுவாக ஆட்டி, நேராக இழு. புதிதைப் போடும்போது கால்கள் துளையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்து. அவசரப்பட்டால் கால் வளைந்துவிடும். உனக்கு அவசரம் கூடப்பிறந்தது.

மூன்று வால்வுகளை என் கம்பளிக் காலுறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன். துவைத்த காலுறைதான்.

மாற்றிய பிறகு எப்படி இருக்கிறது என்று எழுது. கட்டாயம் எழுது.

அன்புடன்,
தம்பி

&nbsp;

பிப்ரவரி 6

தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். ஒத்தடம் கொடுக்கிறேன். "அவன் சொன்னாத்தான் உனக்கு ஒறைக்குதா?" என்று அம்மாவிடம் பேச்சும் வாங்கிக்கொண்டேன். காலுறையை அம்மா மறுபடியும் துவைத்து, மடித்து, தன் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வால்வு மாற்றினேன். நடுவில் இருந்த வால்வு வர மறுத்தது. பால்பல் என்று நீ எழுதியது ஞாபகம் வந்து, அதனிடம் கொஞ்சிப் பேசித்தான் எடுத்தேன். எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தன. போட்டதும் சத்தம் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. எனக்கு ஒரே குஷி. அந்த வாரம் முழுவதும் எல்லாரிடமும் வால்வைப் பற்றியே பேசிக் கொன்றுவிட்டேன். இப்போது மறுபடியும் அதே கம்பளி. முன்பைவிடக் கொஞ்சம் கனமான கம்பளி.

நம் டிரம்மர் சட்டியைக் கூட்டிவந்து காட்டினேன். "நல்லாத்தானே இருக்கு? ஊசி மாதிரி இருக்கு" என்கிறான். இத்தனை வருடம் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து அடித்தவனுக்குக் காது எங்கே இருக்கப்போகிறது!

அடுத்து என்ன செய்யலாம்?

அக்கா

&nbsp;

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மாவிடம் குளிர்காலம் முடிவதற்குள் வந்து பார்ப்பேன் என்று சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லிவிட்டு வராமல் போனால் அது வேறு பாவம்.

புது வால்வுகளிலும் சில சமயம் ஒன்று மோசமாக அமைந்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஆம்பைப் போட்டு, சத்தத்தை நடுத்தரத்தில் வை. பென்சிலின் பின்முனையால் சின்ன வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டு. நல்ல வால்வு என்றால் ஸ்பீக்கரில் "டொக்" என்று மட்டும் கேட்கும். கெட்டது மணி அடிக்கிற மாதிரி கணீரென்று பாடும். பாடுவதை மாற்றிவிட்டால் போதும்.

கூர்மையைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழ் எந்த எண்ணில் இருக்கிறது என்றும் எழுது.

என் அறை பட்டறைக்கு மேல் மாடியில். கீழே பகல் முழுக்க பத்துப் பதினைந்து ஸ்பீக்கர் அலறும். கடை மூடியதும் ஒரு சத்தமும் இருக்காது. உன் கடிதத்தை அப்போதுதான் எடுத்துப் படிக்கிறேன். வால்வோடு கொஞ்சினாய் என்பதை நாலைந்து முறை படித்தாயிற்று.

அன்புடன்,
தம்பி

&nbsp;

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் இருமல் பற்றி நீ எழுதவில்லை, ஆனால் மார்ச் வந்தால் உனக்கு இருமல் வருமே. கஷாயமாவது வைத்துக் குடி.

பென்சில் வைத்தியம் பார்த்தேன். நான் கூடத்தில், அம்மா அடுப்படியில். முதல் வால்வு டொக். இரண்டாவது டொக். மூன்றாவதைத் தட்டினேன், அதுவும் டொக். எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே என்று நினைப்பதற்குள் அம்மா கரண்டியோடு வந்து நிற்கிறாள்.

"என்னடி அது, கோயில் மணி மாதிரி?"

"எதும்மா?"

"இப்ப அடிச்சியே, கணீர்னு!"

நான் மறுபடி தட்டினேன். "அதான், அதான்" என்கிறாள். எனக்கு டொக் மட்டும்தான். வயதானால் இல்லாததெல்லாம் கேட்கும் போலிருக்கிறது. இருந்தாலும் அம்மாவின் ஆறுதலுக்காக அந்த மூன்றாவதை மாற்றிவிடலாம், ஒன்று அனுப்பு.

ட்ரெபிள் முழுக்கத் திருகி வைத்திருக்கிறேன். அதற்கும் ஒரு சண்டை. எங்கள் பாட்டுக்காரர் போன ஒத்திகையில் காதைப் பொத்திக்கொண்டு, "குறைச்சுக்கங்க, மண்டை பிளக்குது" என்றார். "உங்க குரலுக்கு நாங்க பொத்திக்கலையே" என்றேன். அன்றைக்கு ஒத்திகை அத்தோடு சரி.

இன்னொன்று. இரண்டு வருடமாக உன்மேல் இருந்த கோபத்தை நேற்று தேடிப்பார்த்தேன், சரியாக அகப்படவில்லை. நீ போனதைப் பற்றி இனி நாம் பேச வேண்டாம். உன் அறைக்கு ஜன்னல் உண்டா? அதிலிருந்து என்ன தெரியும்? எழுது.

அன்புடன்,
அக்கா

&nbsp;

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். இருமல் வந்து போய்விட்டது. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? நீ எப்படி இருக்கிறாய்?

பதில் போடத் தாமதமாகிவிட்டது. பட்டறையில் வேலை நெருக்கடி. அதுதான் காரணம்.

ஜன்னல் இருக்கிறது. எதிரே ஒரு தையல்கடையின் பின்சுவர். சுவரில் ஒரு குழாய். குழாயில் ஒரு புறா. இதுதான் என் உலகம். சிரிக்காதே.

மூன்றாவது வால்வுக்குப் பதிலாக ஒன்று அனுப்பியிருக்கிறேன். முதலாளி பூட்டிவைத்திருந்த பழைய சரக்கு. இப்போது இப்படிச் செய்வதில்லை. கெஞ்சி வாங்கினேன்.

வேறொன்றும் கேட்க வேண்டும். சில வீடுகளில் கரண்டே சரியில்லாமல் இருக்கும், அதனால் விவரம் கேட்கிறேன். நீ கிதார் வாசிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கூடத்துக் கடிகாரத்தின் சத்தம் கேட்கிறதா? அழைப்பு மணி சரியாக அடிக்கிறதா? காதில் இரைச்சல் மாதிரி, அதாவது ஆம்பில் இரைச்சல் மாதிரி ஏதாவது உண்டா?

பெரிய வால்வுகளும் களைத்திருக்கலாம். அதையும் பார்ப்போம். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நீ கடைசியில் எழுதியதைப் படித்தேன். கோபம் அகப்படவில்லை என்றாயே. அதைத் தேடாதே அக்கா.

அன்புடன்,
தம்பி

&nbsp;

ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மா இப்போது மாடிப்படி ஏறுகிறாள்.

கடிகாரத்துக்கும் ஆம்புக்கும் என்னடா சம்பந்தம்? இங்கே கரண்டெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நான் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் நீ வீட்டைப் பற்றிக் கேட்கிறாய்.

பழைய சரக்கு வால்வைப் போட்டேன். அம்மா மணி அடிப்பது நின்றுவிட்டது என்கிறாள். எனக்கு வித்தியாசம் இல்லை. பெரிய வால்வுகளைச் சீக்கிரம் அனுப்பு. கூர்மை வர வேண்டும். அது இல்லாமல் என் பாட்டுகளுக்கு எலும்பே இல்லை. நான் வாசிப்பது எனக்கே எட்டவில்லை என்றால், கேட்கிறவர்களுக்கு எப்படி எட்டும்?

புறாவுக்கு என் விசாரிப்புகள்.

அன்புடன்,
அக்கா

&nbsp;

மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அம்மா மாடிப்படி ஏறியது பெரிய விஷயம், கைதட்டினேன் என்று சொல்.

பெரிய வால்வு இரண்டும் இத்துடன். இரண்டும் ஒரே அளவு கரண்டு இழுக்கிற ஜோடி. கிடைத்ததில் எல்லாம் அளந்து பார்த்துப் பொறுக்கினேன். இவற்றை நீ மாட்டாதே. மாட்டியபின் உள்ளே கரண்டை அளந்து திருத்த வேண்டும், உயிர் போகிற இடம் அது. ரேடியோ ரிப்பேர் செய்கிற நல்ல ஆளாகப் பார்த்துக் கொடு.

இவை சூடேறி, பழகி, முழுச் சத்தம் தரச் சில வாரம் பிடிக்கும். அதனால் உடனே ஒன்றும் தெரியாவிட்டால் மனம் விடாதே. பொறுத்துப் பார். அப்படியும் சரியாகவில்லை என்றால் ஸ்பீக்கரை மாற்றலாம், டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கலாம். செய்ய இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

முதலாளியிடம் லீவு கேட்டிருக்கிறேன். ரெக்கார்டிங் முடிந்ததும் வருகிறேன். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த ஆம்பை முழுக்கப் பிரித்துப் போட்டு, முதலிலிருந்து செய்யலாம், பழையபடி. நீ திட்டு, நான் பற்றவைக்கிறேன்.

அடிக்கடி எழுது. நீளமாக எழுது.

அன்புடன்,
தம்பி

&nbsp;

ஜூன் 29

தம்பிக்கு,

அம்மா நலம்.

நீ மார்ச் மாதம் சட்டிக்குக் கடிதம் போட்டாயா? போட்டாய் என்றால் என்ன கேட்டாய்? அவன் என்ன பதில் எழுதினான்? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

அக்கா

&nbsp;

ஜூலை 8

அக்காவுக்கு,

அம்மாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கை கூசுகிறது.

போட்டேன். அம்மாவுக்கு அடுப்படிவரை கேட்ட மணி, பக்கத்தில் உட்கார்ந்து தட்டிய உனக்குக் கேட்கவில்லை என்று படித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டறைக்கு வரும் காது மங்கிய வாத்தியக்காரர்கள் எவ்வளவோ பேரைப் பார்த்திருக்கிறேன். முதலில் ட்ரெபிளைக் கூட்டுவார்கள், பிறகு ஆம்பைக் குறை சொல்வார்கள். அக்காவுக்குக் காது எப்படி இருக்கிறது என்று சட்டியிடம் கேட்டேன். "பின்னாலிருந்து கூப்பிட்டா திரும்புறதில்ல. நான் குச்சியத் தட்டி ஆரம்பிக்கிறது அவளுக்குக் கேக்குறதில்ல, என் கையப் பாத்துத்தான் ஆரம்பிக்கிறா. நீ சொல்லிடு, நான் சொன்னா அடிப்பா" என்று எழுதினான்.

டாக்டரிடம் போ என்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒட்டியும் விட்டேன். தபால்பெட்டிவரை எடுத்துப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். ரெக்கார்டிங் முடியட்டும், அதற்குமுன் சொன்னால் உடைந்துபோவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி பொய். ஆம்பில் கோளாறு இல்லை என்று எழுதிவிட்டால் நீ எனக்கு எழுத என்ன காரணம் இருக்கும்? இரண்டு வருடம் ஒரு வரி இல்லை. வால்வு அனுப்பினால் கடிதம் வந்தது. அடுத்த வால்வுக்கு அடுத்த கடிதம். கடைசியில் அன்புள்ள தம்பி என்றுகூட எழுதினாய். அதை விட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நானும் கேட்காமல் இல்லை அக்கா. கடிகாரம் கேட்கிறதா என்று கேட்டேன். நீதான் பதில் சொல்லவில்லை. உனக்கும் தெரிந்திருக்கும்.

டாக்டரைப் பார்த்தாயா? என்ன சொன்னார்? நான் உடனே கிளம்பி வரட்டுமா?

தம்பி

&nbsp;

ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் அம்மாவும் நலமா?

பதில் இல்லை. லீவு கிடைத்தது, உன்னிடம் கேட்காமல் வரத் தைரியம் இல்லாமல் அறையிலேயே கழித்தேன். நான் கடைசியாகக் கடிகாரத்தைப் பற்றி எழுதியது தப்பு. அதை வெட்டிவிட்டுப் படி. திட்டியாவது நாலு வரி எழுது.

தம்பி

&nbsp;

அக்டோபர் 20

தம்பிக்கு,

அம்மாவுக்கு மறுபடி முழங்கால் வீங்கியிருக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறாள். என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

ஜூனில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ரெக்கார்டிங் அறையில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டார்கள். சட்டியின் கையைப் பார்க்க முடியவில்லை, அவன் மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம். முதல் பாட்டில் தாமதமாக நுழைந்தேன். திரும்ப ஆரம்பித்தார்கள், திரும்பவும் தாமதம். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. பதிவு செய்கிறவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்தார். "அம்மா, கொஞ்சம் கொறைங்க. காது கிழியுது" என்றார். அவர் வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அப்படிப் புரிந்துகொண்டு எவ்வளவு நாளாகிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

சட்டி என்னை வெளியே கூட்டிப்போனான். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். "உன் தம்பி மார்ச்சுலயே கேட்டு எழுதினான். அவன் சொல்லிக்குவான்னு நான் சும்மா இருந்துட்டேன்" என்றான். நான்கு முறை சொல்லவேண்டியிருந்தது, எனக்குக் கேட்கவில்லை. அந்த அசிங்கத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

டாக்டர் சொன்னது இது. உடம்பே தன் காதை எதிரி என்று நினைத்து அரிக்கிற ஒரு நோயாம். ஆரம்பத்திலேயே மாத்திரை கொடுத்தால் பலருக்கு நின்றுவிடுமாம். "எப்போலேர்ந்து இருக்கு?" என்று கேட்டார். ஜனவரி என்றேன். "மார்ச், ஏப்ரலிலாவது வந்திருக்கலாமே" என்று எழுதிக் காட்டினார். அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பழைய சரக்கு வால்வுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

வலது காது போய்விட்டது. இடது காதில் கருவி வைத்திருக்கிறேன். அதில் மனிதர் பேசுவது கொஞ்சம் வருகிறது. சங்கீதம் வருவதில்லை. கிதாரை வாசித்தால் தகரத்தில் ஆணி விழுகிற மாதிரி இருக்கிறது.

எனக்கும் தெரிந்திருக்கும் என்று எழுதியிருந்தாய். வெட்டிவிட்டுப் படிக்கச் சொன்னாய், வெட்டவில்லை. அது உண்மைதான். கடிகாரம் ஓடுவதைப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. பயந்துபோய் உன்மேல் எரிந்துவிழுந்தேன். பயந்தவள் வேறென்ன செய்வாள்? ஆனால் தம்பி, நான் உன்னிடம் கேட்டேன். மாதாமாதம் கேட்டேன். என்ன கோளாறு, எங்கே கோளாறு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு வரியில் பதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நீ எனக்குக் கண்ணாடிக் குழாய்களை அனுப்பினாய்.

என் கடிதத்துக்காக என்கிறாய். காது கேட்காதவளாக இருந்தாலும் நான் உனக்கு எழுதியிருப்பேன். இன்னும் அதிகமாகவே எழுதியிருப்பேன், வேறு என்ன வழி எனக்கு? அது உனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பரில் வேறொரு பெண்ணை வைத்துப் பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டார்கள். நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். நன்றாகத்தான் வாசிக்கிறாள், விரலைப் பார்த்தால் தெரிகிறது. ஆம்பை அவளுக்கே கொடுத்துவிட்டேன். இப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதே இல்லையாம், வால்வெல்லாம் யார் போட்டது என்று சீட்டில் எழுதிக் கேட்டாள். ஒரு மெக்கானிக் என்றேன்.

நீ தெரிந்தே மறைத்ததை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். வா. ஆனால் அம்மா வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வா. நான் மட்டும் இருந்தால் நீ எவ்வளவு மணி அடித்தாலும் கதவு திறக்காது.

அக்கா